மொழித் தற்கற்றலும் ஊக்கப்பரிசும்: பல்கலைக்கழக மாணவர்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழக மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே தாமாக ஒரு மொழியைக் கற்பதை ஊக்குவிக்கும் பொருட்டு மதிப்பெண், கிரெடிட், சான்றிதழ், தேர்வுக்கட்டண உதவி முதலிய ஊக்கப்பரிசுகள் வழங்கப்படுகின்றன. இவை தற்கற்றலை வளர்க்கின்றனவா, அன்றி அதன் பெயரால் மற்றொரு கட்டாயப் பணியை உருவாக்குகின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆன்றி ஹோலெக் வகுத்த ஐவகை முடிவுகள் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. ஊக்கம் பற்றிய உளவியல் சோதனைகளும், ஹாங்காங், ஜப்பான் ஆகிய இடங்களின் பல்கலைக்கழக நடைமுறைகளும், தமிழகக் கல்லூரிகளின் அகமதிப்பீட்டு முறையும் இதற்குச் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: தற்கற்றல், கற்போர் தன்னாட்சி, அகவூக்கம், புறவூக்கம், அகமதிப்பீடு, நன்னூல்.

முன்னுரை

முதுகலைத் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் ஒப்பிலக்கிய ஆய்வை எண்ணி மலையாளம் கற்க விரும்புகிறார் என்றும், இளங்கலை வணிகவியல் பயிலும் மாணவி ஒருவர் வேலைவாய்ப்பு நேர்காணலை எண்ணி ஆங்கிலம் பேசிப் பழக விழைகிறார் என்றும் கொள்வோம். இருவருக்கும் வேண்டிய பயிற்சி நேரம் கல்லூரியின் கால அட்டவணைக்குள் அடங்குவதன்று. பாடவேளையில் ஆசிரியர் தருவது தொடக்கமே. படித்தல், கேட்டல், பேசிப் பார்த்தல், பிழைபடுதல், திருத்திக்கொள்ளுதல் ஆகியவற்றின் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியேதான் நிகழ்ந்தாக வேண்டும்.

தமிழ்க் கல்வி மரபுக்கு இது புதிய செய்தியன்று. நன்னூல் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர், ஆசிரியர் உரைத்ததை முறையாகக் கேட்டுக்கொண்ட மாணாக்கனுக்கும் புலமையில் காற்கூறே வாய்க்கும் என்கிறார். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறும், கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக விரித்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது அவர் கணக்கு. இக்கணக்கின்படி நான்கில் மூன்று பங்கு கற்றல் ஆசிரியரின் கைக்கு அப்பால் நடைபெறுகிறது.

அந்த முக்கால் பங்கை மாணவர் மேற்கொள்ளாதபோது கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் நாடுவது ஊக்கப்பரிசையே. இங்கு ஒரு முரண் எழுகிறது. தற்கற்றல் என்பது கற்பவரே தம் கற்றலை நடத்திக்கொள்வது. பரிசு என்பதோ, எது செய்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பிறர் முடிவு செய்வது. பிறர் நிர்ணயித்த விலைக்குச் செய்யப்படும் பணியைத் தற்கற்றல் என்று அழைக்க இயலுமா என்னும் வினா சொல்லாராய்ச்சி மட்டுமன்று. பருவ இறுதியில் மதிப்பெண் வழங்கப்பட்ட மறுநாள் அம்மாணவர் மலையாள நூலைத் திறப்பாரா, மூடிவைப்பாரா என்பது இவ்வினாவிற்கான விடையைப் பொறுத்தே அமையும்.

ஐவகை முடிவுகள்

பிரான்சின் நான்சி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆன்றி ஹோலெக், ஐரோப்பிய கவுன்சிலுக்காக எழுதி 1981ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த ஆய்வில், கற்போர் தன்னாட்சி என்பதைத் தம் கற்றலுக்குத் தாமே பொறுப்பேற்கும் திறன் என வரையறுத்தார். அப்பொறுப்பை அவர் ஐந்து முடிவுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். கற்றலின் நோக்கத்தை வகுத்தல், பாடப்பொருளையும் அதன் வரிசையையும் தீர்மானித்தல், கற்கும் முறைகளைத் தெரிவு செய்தல், கற்றல் நடைபெறும் போக்கைக் கண்காணித்தல், கற்றதை மதிப்பிடுதல் என்பன அவை. இத்திறன் பிறவியில் அமைவதன்று, பழகிப் பெறத்தக்கது என்பதும் அவர் கருத்தாகும்.

இப்பகுப்பு ஊக்கப்பரிசை ஆராய நல்லதோர் அளவுகோலாகிறது. பரிசு கொடுக்கலாமா, கூடாதா என்னும் பொதுவான வழக்குக்குப் பதிலாக, ஒரு குறிப்பிட்ட பரிசுத்திட்டம் இவ்வைந்தில் எவற்றை மாணவர் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று கேட்கலாம். "இணையவழிப் பாடம் ஒன்றை முடித்துச் சான்றிதழ் கொணர்ந்தால் 5 மதிப்பெண்" என்னும் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். நோக்கம் சான்றிதழ் என்றாகிவிட்டது. பாடப்பொருளையும் வரிசையையும் பாடத்தை வழங்கும் நிறுவனம் தீர்மானிக்கிறது. முறையும் அதுவே. கண்காணிப்பையும் மதிப்பீட்டையும் கணினி செய்கிறது. மாணவருக்கு எஞ்சுவது எந்த நேரத்தில் அமர்வது என்னும் முடிவு ஒன்றே. இது தொலைநிலையில் நடத்தப்படும் வகுப்பேயன்றித் தற்கற்றல் ஆகாது. இதனால் பயனில்லை என்பது பொருளன்று. வேறு பெயரால் அழைக்கத்தக்கது என்பதே கருத்து.

மறுதலையாக, முழுத் தன்னாட்சியை முதல்நாளே எதிர்பார்ப்பதும் பொருந்தாது. கிழக்காசியச் சூழலை ஆராய்ந்த வில்லியம் லிட்டில்வுட், 1999ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் தன்னாட்சியை இருவகைப்படுத்துகிறார். ஒன்று, திசையையும் மாணவரே வகுத்துக்கொள்ளும் முந்துநிலைத் தன்னாட்சி. மற்றொன்று, திசையைப் பிறர் காட்டியபின் அதனை அடையும் வழியைத் தாமே அமைத்துக்கொள்ளும் எதிர்வினைத் தன்னாட்சி. இரண்டாவதைக் குறைபாடாகக் கருதாமல், தன்னளவில் மதிப்புடையதாகவும் முதலாவதற்குப் படியாகவும் அவர் கொள்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் வினாவங்கி வழியே படித்துக் கல்லூரிக்கு வரும் தமிழக மாணவருக்கும் இப்பாகுபாடு பொருந்துவது. ஊக்கப்பரிசுக்கு நியாயமான இடம் உண்டெனில் அது இவ்விரண்டாம் வகையில்தான் உண்டு.

சோதனைகள் கூறுவனவும் கூறாதனவும்

எட்வர்ட் டெசி 1971ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனைகள் இத்துறையில் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. கல்லூரி மாணவர்கள் மூன்று அமர்வுகளில் கனசதுரப் புதிர்களை அமைத்தனர். ஒரு குழுவுக்கு இரண்டாம் அமர்வில் மட்டும் புதிருக்கு ஒரு டாலர் தரப்பட்டது. மூன்றாம் அமர்வில் பணம் நிறுத்தப்பட்டபோது, அக்குழுவினர் ஓய்வு நேரத்தில் புதிரைத் தாமாகத் தொடும் அளவு குறைந்தது. இதே கட்டுரையின் இரண்டாம் சோதனை மொழிக்கல்வியாளருக்கு மேலும் நெருக்கமானது. மாணவர் செய்தித்தாளுக்குத் தலைப்பு எழுதியவர்களுள் ஒரு பிரிவினருக்குச் சில வாரங்கள் தலைப்பு ஒன்றுக்கு 50 சென்ட் வழங்கப்பட்டது. அங்கும் பணம் நின்றபின் ஆர்வம் தளர்ந்தது. மூன்றாம் சோதனையில் பணத்துக்கு மாற்றாகப் பாராட்டுரை தரப்பட்டபோது இத்தளர்ச்சி காணப்படவில்லை.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் ஓவியம் வரைவதில் விருப்பமுடைய மழலையரை ஆராய்ந்தனர். பரிசு உண்டென முன்கூட்டியே அறிந்து வரைந்த குழந்தைகள், சில நாட்களுக்குப் பின் அதே வண்ணக்கோல்களோடு கழித்த நேரம் பிற குழுவினரின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியே. எதிர்பாராமல் பரிசு பெற்றவரிடம் இக்குறைவு இல்லை. பரிசு அன்று, பரிசுக்காகச் செய்தோம் என்னும் எண்ணமே ஆர்வத்தைக் குறைத்தது என்பது இதனால் பெறப்படும்.

இம்முடிவுகளை மறுத்தோரும் உளர். கேமரன், பியர்ஸ் ஆகியோர் 1994இல் 96 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, பரிசின் தீங்கு மிகைப்படுத்தப்பட்டது என்றனர். டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகியோர் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்து, முன்னரே எதிர்பார்க்கப்படும் பொருட்பரிசு அகவூக்கத்தைக் குறைக்கிறது என மீண்டும் நிறுவினர். இவ்விவாதத்தின் ஊடே இருதரப்பும் பெரிதும் ஒத்துக்கொள்ளும் ஒரு புள்ளி உண்டு. இயல்பாகவே சுவையற்ற பணிக்குப் பரிசு தருவதால் ஆர்வம் கெடுவதில்லை. இல்லாத ஒன்று குறைய வழியில்லை என்பதே காரணம்.

மொழிக்கற்றலுக்கு இப்புள்ளி மிக முதன்மையானது. மொழி கற்கும் பணி ஒரே தன்மையதன்று. மலையாள எழுத்துகளைக் கைபழகும் வரை எழுதிப் பார்த்தல், ஆங்கில ஒழுங்கற்ற வினைகளை மனப்பாடம் செய்தல் ஆகியன பலருக்குச் சலிப்பூட்டுபவை. அவ்வெழுத்துகள் கைவந்தபின் பஷீரின் ஒரு சிறுகதையை மூலத்தில் தட்டுத்தடுமாறிப் படித்தல் அத்தகையதன்று. முன்னதற்குப் பரிசு துணை செய்யக்கூடும். பின்னதற்கு அதே பரிசை நீட்டித்தால் வாசிப்பு மீண்டும் மனப்பாடத்தின் தரத்துக்கு இறங்கும். நடைமுறையில் இதற்கு நேர்மாறாக நடப்பதே மிகுதி. எழுத்துப்பழக்கம் மாணவர் பாடு என விடப்படுகிறது. வாசிப்புக்கு மதிப்பெண் வைக்கப்படுகிறது.

பரிசின் அளவும் நோக்கத்தக்கது. ஹைஃபா பல்கலைக்கழக மாணவர்களிடம் யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிக்கினி ஆகியோர் நடத்தி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், 50 வினாக்கள் தரப்பட்டன. சரியான விடைக்கு ஷெக்கலில் பத்தில் ஒரு பங்கு பெற்றவர்கள், விடைகளுக்கு எதுவும் பெறாதவர்களைவிடக் குறைவான விடைகளே அளித்தனர். ஒன்று அல்லது மூன்று ஷெக்கல் பெற்றவர்கள் கூடுதலாக அளித்தனர். இது ஒருவேளை முயற்சியை அளந்த சோதனையேயன்றி நெடுநாள் கற்றலை அளந்ததன்று. எனினும், நூற்றுக்கு ஒன்று, இரண்டு என மதிப்பெண்ணைச் சிதறவிடும் துறைகள் இதனை எண்ணிப் பார்க்கலாம். மாணவர் தாமாகச் செய்திருக்கக்கூடிய ஒன்றுக்கு மிகச் சிறிய விலையைக் குறிப்பது, அதன் மதிப்பு அவ்வளவே என அறிவிப்பதாகவும் அமையலாம்.

எண்ணப்படுவதும் கற்கப்படுவதும்

பரிசு வழங்க ஏதேனும் ஒன்றை எண்ணியாக வேண்டும். எது எண்ணப்படுகிறதோ அதனையே மாணவர் மிகுதியாகத் தருவர். கைப்பேசிச் செயலிகளில் இது வெளிப்படையாகக் காணக் கிடைக்கிறது. டுவோலிங்கோ செயலி, இடைவிடாது பயின்ற நாட்களை எண்ணிக் காட்டுகிறது. ஒரு நாள் தவறினாலும் அவ்வெண் அறுபடாதிருக்கும் வசதியைச் செயலியில் சேர்த்த புள்ளிகளால் வாங்கவும் முடியும். அங்கு விற்பனையாவது கற்றலன்று, கற்றலின் கணக்கு. எளிய பழைய பாடம் ஒன்றை இரவு பதினொன்றரை மணிக்கு முடித்து எண்ணைக் காப்பாற்றும் பயனர் பிழை ஏதும் செய்யவில்லை. எண்ணப்பட்டதைத் தந்தார், அவ்வளவே.

ஹாங்காங்கின் பல்கலைக்கழகங்கள் இவ்வகையில் நீண்ட பட்டறிவு உடையவை. அங்கு 1990களில் தற்கற்றல் மையங்கள் பெருகின. டேவிட் கார்ட்னர், லிண்ட்சே மில்லர் ஆகியோர் 1999இல் வெளியிட்ட நூல் இத்தகைய மையங்களை அமைப்போர்க்குக் கையேடாயிற்று. 2002இல் அந்நகரின் பல்கலைக்கழக மானியக்குழு, பட்டம் பெறும் நிலையிலுள்ள மாணவர்கள் ஐஈஎல்டிஎஸ் தேர்வை விரும்பி எழுத ஊக்குவிக்கும் திட்டத்தைத் தொடங்கித் தேர்வுக்கட்டணத்தை ஏற்றது. இது படிப்பின் இறுதியில் வைக்கப்பட்ட பரிசு. ஹோலெக்கின் ஐந்து முடிவுகளில் மதிப்பீட்டை மட்டுமே அது வெளியாருக்கு மாற்றியது, ஏனைய நான்கில் நேராகக் கைவைக்கவில்லை என்பது அதன் நலம். எனினும் இறுதித்தேர்வு ஒன்று நிலைபெற்றவுடன் அதன் வினாவடிவம் முன்னைய ஆண்டுகளின் நோக்கத்தையும் பாடப்பொருளையும் தன்பால் இழுத்துக்கொள்வது எல்லா இறுதித்தேர்வுகளுக்கும் உரிய இயல்பு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தாளில் குறைந்தது 40 விழுக்காடு பெறவேண்டும் என்னும் 2021ஆம் ஆண்டின் ஆணை, தமிழ் கற்பதற்குத் தரப்பட்ட மிகப்பெரிய புறவூக்கங்களுள் ஒன்று. அதன் விளைவை நூலகத்தில் காண்பதைவிட, வினா-விடைத் தொகுப்புகள் அடுக்கப்பட்ட புத்தகக் கடைகளில் எளிதாகக் காணலாம். தகுதித்தேர்வுக்குப் படிக்கும் முதுகலைத் தமிழ் மாணவரின் மேசையிலும் குறுந்தொகையைவிடக் குறுந்தொகை பற்றிய ஒருவரி வினாக்களே மிகுதி என்பதைப் பேராசிரியர்கள் அறிவர்.

ஜப்பானின் கியோட்டோ சங்க்யோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் ராப் உருவாக்கிய முறை வேறுபட்டது. மாணவர்கள் தரப்படுத்தப்பட்ட எளிய ஆங்கில நூல்களைத் தாமே தெரிவு செய்து வகுப்புக்கு வெளியே படிப்பர். படித்ததற்குச் சான்றாக இணையவழியில் சிறு வினாத்தொகுப்புக்கு விடையளிப்பர். அந்நூலின் சொற்கள் அவர் கணக்கில் சேரும். ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடையே குறிப்பிட்ட கால இடைவெளியை ஆசிரியர் விதிக்கலாம் என்பதால், பருவக் கடைசி வாரத்தில் அனைத்தையும் முடித்துவிட முடியாது. இங்கு எண்ணப்படுவது சொல்லின் அளவாயினும், எண்ணிக்கையைக் கூட்டும் ஒரே நேர்வழி மேலும் படிப்பதே. நூல்தெரிவு மாணவரிடமே நிற்கிறது. இம்முறை தற்கற்றலாகாது, மேற்பார்வையிடப்பட்ட வாசிப்பே எனலாம். ஆயினும் ஏமாற்றுவதற்கு ஆகும் உழைப்பும் படிப்பதற்கு ஆகும் உழைப்பும் ஏறத்தாழ ஒன்றாகும்படி பரிசை அமைத்தது அதன் நுட்பம்.

இதற்கு எதிர்நிலையிலிருந்து ஸ்டீபன் க்ராஷன் எழுப்பும் ஐயமும் கருதத்தக்கது. அமெரிக்கப் பள்ளிகளில் பரவிய, நூல்களோடு வினாத்தேர்வும் பரிசும் சேர்ந்த வாசிப்புத்திட்டத்தை 2003இல் ஆராய்ந்த அவர், நூல்களும் வாசிக்க நேரமும் பயன்தருவன என்பது முன்பே அறியப்பட்டதே என்றும், தேர்வும் பரிசும் அதன்மேல் ஏதேனும் சேர்க்கின்றன என்பதற்குச் சான்றில்லை என்றும் காட்டினார். கல்லூரி நூலகம் மாலை ஐந்து மணிக்கு மூடப்படும் இடத்தில் வாசிப்புக்கு மதிப்பெண் அறிவிப்பதைக் காட்டிலும் நூலகத்தைத் திறந்து வைப்பது முதற்பணி என்பது இதன் நேரான பொருளாகும்.

இருபத்தைந்து மதிப்பெண்ணுக்குள்

தமிழகத்தின் பல பல்கலைக்கழகங்களில் இளங்கலைத் தாள் ஒன்றுக்கு அகமதிப்பீடு 25, பருவத்தேர்வு 75 என மதிப்பெண் பகுக்கப்பட்டுள்ளது. ஒப்படைவு, கருத்தரங்கம், அகத்தேர்வு ஆகியவற்றுக்கான அந்த 25இல்தான் மொழி ஆசிரியருக்குச் சிறிதளவு உரிமை உண்டு. இதனோடு, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின் இணையவழிப் பாடங்களால் நிரப்பப் பல்கலைக்கழக மானியக்குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறை இடமளிக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்திலும் ஆங்கிலத்திறன் பாடம் இடம்பெற்றுள்ளது. வாயில்கள் பல திறந்துள்ளன. ஆயினும் அவை யாவும் முன்னர்க் கூறிய சான்றிதழ் அறிவிப்பின் குடும்பத்தைச் சார்ந்தவை.

அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண்ணைத் தற்கற்றலுக்கு ஒதுக்க முன்வரும் துறை, அதனை மணிக்கணக்குக்கோ சான்றிதழுக்கோ தராமல் மூன்று செயல்களுக்குத் தரலாம். பருவத் தொடக்கத்தில் மாணவரே எழுதித்தரும் ஒருபக்கக் கற்றல் ஒப்பந்தம் முதலாவது. எதைக் கற்கப்போகிறேன், எதைக் கொண்டு, முடிந்ததென எப்படி அறிவேன் என்னும் மூன்று வினாக்களுக்கு அதில் விடை இருக்கும். மாணவரின் இலக்கு சிறிதாயிருப்பது குற்றமன்று. இடையில் ஒருமுறை ஒப்பந்தத்தைத் திருத்தி, திருத்தியதற்குக் காரணம் எழுதுதல் இரண்டாவது. மலையாளச் செய்தித்தாளைத் தெரிவு செய்தவர் அது கடினமெனக் கண்டு சிறுவர் கதைக்கு மாறினால், மாறியதற்காக அவருக்கு மதிப்பெண் உண்டு. ஹோலெக் கூறும் கண்காணிப்பு என்பது இதுவே. பிழையை ஒப்புக்கொள்ள மதிப்பெண் வழங்கும் வேறு இடம் நம் தேர்வுமுறையில் இல்லை. மூன்றாவது, கற்றதைச் சகமாணவர் நால்வருக்குப் பத்து நிமிடம் எடுத்துரைத்தல். நன்னூலார் அரைக்கூறு ஒதுக்கியது இதற்கே. எடுத்துரைப்பவர் தாம் அறியாததை அப்போதுதான் அறிகிறார். கேட்பவருள் ஒருவர் எழுப்பும் வினா, ஆசிரியர் இடும் மதிப்பெண்ணைவிடத் தெளிவான மதிப்பீடாகிறது. சொல்லிக் கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் மாணாக்கனை அந்நூல் கிளிக்கு ஒப்பிட்டு இடைநிலையில் வைத்ததும் இங்கு நினையத்தக்கது.

இம்மதிப்பெண் முதலாண்டுக்கு மட்டும் உரியதாதல் வேண்டும். இரண்டாமாண்டில் ஒப்பந்தமும் உரையாடலும் தொடரும், மதிப்பெண் இராது. என்றுவரை என முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பரிசு நடைவண்டி போன்றது. இடையில் சொல்லாமல் நிறுத்தப்படும் பரிசு தண்டனையாகவே உணரப்படும்.

மணிக்கணக்கைத் தவிர்ப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மாலையில் துணிக்கடையிலோ உணவகத்திலோ பகுதிநேரப் பணி செய்யும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும், விடுதியில் தங்கி மடிக்கணினியோடு படிப்பவருக்கும் ஒரு நாளில் மிஞ்சும் நேரம் ஒன்றன்று. நேரத்தை எண்ணும் பரிசு, முன்பே நேரம் உடையவருக்கே சென்று சேரும். ஊக்கமின்மை எனத் துறைக்கூட்டங்களில் பேசப்படுவதில் ஒரு பகுதி நேரமின்மை. மற்றொரு பகுதி, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, பிழையாகப் பேசினால் சிரிப்பார்களே என்னும் அச்சம். அச்சத்துக்குப் பரிசு மருந்தன்று. ஐம்பது பேர் முன்னிலையில் வாய் திறக்காத மாணவி நால்வர் முன்னிலையில் திறக்கக்கூடும் என்பதே குழுவைச் சிறிதாக வைப்பதன் நோக்கமாகும்.

ஆசிரியரின் நேரம்

இத்திட்டத்துக்கு எதிராக எழத்தக்க வலுவான தடை மாணவரிடமிருந்து வருவதன்று. அறுபது மாணவர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தையும் பத்து நிமிடம் படித்துக் குறிப்பெழுதினால் பத்து மணிநேரம் ஆகும். இருமுறை எனில் இருபது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி உதவிப் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தல் வாரத்துக்கு 16 மணிநேரம். ஒப்பந்தம் படிக்கும் நேரம் அப்பதினாறில் சேராது. சான்றிதழைப் பெற்றுக்கொண்டு ஐந்து மதிப்பெண் இடுவதற்கோ அரை நிமிடம் போதும். துறைகள் சான்றிதழையே தெரிவு செய்வதற்குக் கற்பித்தல் கோட்பாட்டைவிட இக்கணக்கே காரணம் எனலாம்.

ஆசிரியர்களும் எண்ணப்படுபவர்களே. 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் கொணர்ந்த கல்விச் செயல்திறன் குறியீட்டுப் புள்ளிகள், கருத்தரங்கச் சான்றிதழ்களையும் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் எங்ஙனம் பெருக்கின என்பது ஆய்விதழ் வாசகர் அறியாததன்று. எண்ணப்பட்டதைத் தருவதில் மாணவர் ஆசிரியரிடமிருந்து வேறுபட்டவர் அல்லர். வாரத்துக்கு ஒரு பாடவேளையைக் கற்றல் ஒப்பந்த உரையாடலுக்கென அட்டவணையிலேயே ஒதுக்கி, அதனைப் பதினாறு மணிநேரத்தில் ஒன்றாகக் கொள்வது பாடத்திட்டக் குழுவின் அதிகாரத்துக்குள் அடங்குவதே. அதற்குப் புதிய நிதியோ புதிய பணியிடமோ தேவையில்லை. இருக்கும் பாடவேளைகளுள் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், அந்த அளவுக்குப் பாடத்திட்டத்தில் ஓர் அலகு குறைய வேண்டும். எந்த அலகைக் குறைப்பது என்பதில்தான் பாடத்திட்டக் குழுக்களின் உடன்பாடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.